சிறு படகிலும் கயாக்கிலும் கரையோரத் தூண்டில் மீன்பிடிப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கரையில் நின்று தூண்டில் வீசிப் பழகிய எவருக்கும் ஒருநாள் அந்த ஆசை வந்தே தீரும். நம் இரை விழும் இடத்துக்குப் பத்து அடி அப்பால் மீன் துள்ளும். கொஞ்சம் உள்ளே போனால் என்ன என்று தோன்றும். போகலாம். போவது எளிது என்பதுதான் இதில் உள்ள சிக்கல். கீழே உள்ள கேள்விகளில் பெரும்பாலானவை புதியவர்கள் என்னிடம் கேட்டவை. சில, நான் யாரிடமாவது கேட்டிருக்க வேண்டியவை. கேட்காமல் போய் நனைந்து திரும்பியவை.

கயாக் நல்லதா, மோட்டார் வைத்த சிறு படகு நல்லதா?

எத்தனை பேர் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. நான்கு மீட்டர் திறந்த படகில் அவுட்போர்டு மோட்டார் இருந்தால் இரண்டு மூன்று பேர் பேசிக்கொண்டே போகலாம், ஓரளவு எழுந்து நிற்கலாம், வானம் கறுத்தால் விரைந்து திரும்பலாம். ஆனால் அதை இறக்கச் சரிவுத்தளம் வேண்டும், இழுத்துப் போக வண்டி வேண்டும், மோட்டாருக்குப் பராமரிப்பு வேண்டும். கயாக்கை இரண்டு பேர் தூக்கிக் காரின் கூரையில் கட்டிவிடலாம். முழங்கால் அளவு தண்ணீரிலும் சத்தமில்லாமல் நுழையும்.

இன்னொரு வேறுபாடு உண்டு. மோட்டார் இருப்பவர் “இன்னும் ஒரு இடம் பார்த்துவிடலாம்” என்று போய்க்கொண்டே இருப்பார். துடுப்பு போடுபவருக்கு அவருடைய தோள்பட்டையே எல்லை போட்டுவிடும். தனியாளுக்கு நான் கயாக்கைத்தான் சொல்வேன்.

மோட்டார் படகுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை: எஞ்சினை நிறுத்தும் பாதுகாப்புக் கயிற்றின் முனையை உடம்போடு மாட்டிக்கொண்டு ஓட்டுங்கள். நீங்கள் தண்ணீரில் விழுந்த பிறகு படகு தன்பாட்டில் வட்டமடிக்கும். சுற்றி வருவது படகு மட்டுமல்ல, அதன் விசிறியும்தான்.

எந்த வகைக் கயாக் வாங்குவது?

மேலே உட்காரும் வகை. அதன் தளத்தில் மேலிருந்து கீழ் வரை ஊடுருவும் வடிகால் துளைகள் இருக்கும்; அலை ஏறினாலும் தண்ணீர் தானாக வடிந்துவிடும். உள்ளே காலை நீட்டி உட்காரும் வகை கவிழ்ந்தால் தொட்டிபோல் நிரம்பிவிடும். நடுக்கடலில் அதை இறைத்து வெறுமையாக்குவது பழகியவர்களுக்கே கடினம்.

அளவைப் பொறுத்தவரை 3 முதல் 4 மீட்டர் நீளம், 75 முதல் 90 சென்டிமீட்டர் அகலம் என்று தேடுங்கள். அகலம் கூடினால் நிலையாக நிற்கும், வேகம் குறையும். நீளம் கூடினால் நேராகவும் வேகமாகவும் போகும், திருப்புவது சிரமம். காலால் மிதித்து ஓட்டும் வகையில் இரண்டு கையும் தூண்டிலுக்குக் கிடைப்பது பெரிய வசதி. பாசியிலும் ஆழமில்லாத இடத்திலும் மிதிவிசை சிக்கிக்கொள்ளும் என்பதால் துடுப்பையும் எடுத்துப் போக வேண்டும். காற்றடித்து உப்பவைக்கும் வகையைப் பற்றிக் கேட்டால், தூண்டில் முள்ளும் மீன் முள்ளும் புரளும் இடத்தில் எனக்கு அதில் உட்கார மனம் வராது.

எனக்கு நன்றாக நீந்தத் தெரியும். லைஃப் ஜாக்கெட் அவசியமா?

அவசியம். பையில் வைத்திருப்பது கணக்கில் சேராது. உடம்பில் இருக்க வேண்டும். 50 நியூட்டன் மிதப்பு உள்ளது நினைவோடு இருப்பவரை மிதக்கவைக்கும், துடுப்பு போடவும் இடைஞ்சல் இல்லை. 150 நியூட்டன் உள்ளது நினைவிழந்தவரையும் பெரும்பாலும் முகம் மேலே இருக்கும்படி திருப்பிவிடும், ஆனால் பருமனானது. கயாக்குக்கு முதலாவது வகையையே பலரும் விரும்புகிறார்கள். குளிர்ந்த நீரில் விழுந்தால் முதல் ஒரு நிமிடம் மூச்சு நம் கட்டுப்பாட்டில் இருக்காது. அந்த நிமிடத்தில் நீச்சல் தெரிந்தவரும் தெரியாதவரும் ஒன்றுதான். ஏறக்குறைய பத்து நிமிடத்தில் விரல்கள் சொன்னபடி கேட்காமல் போகும்.

எவ்வளவு காற்று வரை போகலாம்?

புதியவருக்கு நான் சொல்லும் எல்லை 10 நாட், அதாவது மணிக்குச் சுமார் 18 கிலோமீட்டர். துடுப்பு போடும் சாதாரண மனிதர் கயாக்கை 3 நாட் வேகத்தில் நெடுநேரம் செலுத்தலாம். அதற்கு மேல் மூச்சு வாங்கும். காற்றின் அழுத்தம் வேகத்தின் வர்க்கமாகக் கூடுகிறது. 20 நாட் காற்று 10 நாட் காற்றைப்போல் இரண்டு மடங்கு அல்ல, நான்கு மடங்கு தள்ளும். முன்னறிவிப்பில் சராசரி வேகத்தோடு நின்றுவிடாமல், இடையிடையே திடீரென்று வலுத்து அடிக்கும் வீச்சுக்காற்றின் வேகத்தையும் பாருங்கள்.

வேகத்தைவிட முக்கியமானது திசை. கரையிலிருந்து கடலை நோக்கி வீசும் நிலக்காற்றுதான் ஆளை ஏமாற்றும். கரையோரத்தில் அந்தக் காற்றுக்கு அலையை எழுப்ப இடமில்லை. கடல் எண்ணெய் தடவியதுபோல் கிடக்கும். ஒரு விடியற்காலையில் அப்படிக் கிடந்த கடலைப் பார்த்து மனம் குளிர்ந்து இறங்கினேன். துடுப்பே போட வேண்டியிருக்கவில்லை, கயாக் தானாக ஓடியது. என் கைவரிசை என்று நினைத்துக்கொண்டேன். ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பிப் பார்த்தபோது, கரையிலிருந்த மரங்களைத் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்க முடியவில்லை. பச்சையாக ஒரு கோடு மட்டும் தெரிந்தது. அந்தத் தூரத்தைத் திரும்பி வர ஏறக்குறைய இரண்டு மணி நேரம் ஆயிற்று. உள்ளங்கைத் தோல் உரிந்துவிட்டது. துடுப்பை ஒரு கணம் நிறுத்தித் தண்ணீர் குடித்தால், அந்த நேரத்துக்குள் துடுப்பை நாலைந்து முறை வலித்து முன்னேறிய தூரம் போய்விடும். கடைசியில் தண்ணீர் குடிப்பதையே விட்டுவிட்டேன்.

அன்றிலிருந்து ஒரு பழக்கம். கரையை விட்டு நூறு மீட்டர் போனதும் கயாக்கைத் திருப்பி, கரையை நோக்கி ஐம்பது வலிப்பு வலித்துப் பார்ப்பேன். திரும்பும் வழி எப்படி இருக்கும் என்பது அதில் தெரிந்துவிடும். கூடியவரை முதலில் காற்றை எதிர்த்தே போவேன். களைத்த பிறகு காற்று என்னைத் தள்ளிக்கொண்டு வரட்டும்.

ஓதத்தை, அதாவது கடல் நீர் ஏறி வற்றுவதைப் பார்க்க வேண்டுமா?

ஆம், மீனுக்காகவும் உங்களுக்காகவும். பெரும்பாலான கடற்கரைகளில் ஓர் ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் இடையே ஏறக்குறைய 12 மணி 25 நிமிடம். அதனால் நேரம் நாளுக்கு 50 நிமிடம்போல் தள்ளிப்போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றமும் வற்றமும் பெரிதாக இருக்கும், நீரோட்டமும் வலுக்கும்.

ஒரு எளிய கணக்கு உண்டு. ஆறு மணி நேரத்தில் ஏறும் நீரைப் பன்னிரண்டு பங்காகப் பிரித்தால், முதல் மணியில் ஒரு பங்கு ஏறும், இரண்டாவதில் இரண்டு, மூன்றாவதிலும் நான்காவதிலும் மூன்று மூன்று, ஐந்தாவதில் இரண்டு, ஆறாவதில் ஒன்று. அதாவது நடுவிலுள்ள இரண்டு மணி நேரத்தில் பாதி நீர் நகர்ந்துவிடுகிறது. முகத்துவாரத்தில் அந்த நேரத்து வற்றத்தோடு மல்லுக்கு நிற்காதீர்கள். நீரோட்டம் ஒரு பக்கமும் காற்று எதிர்ப்பக்கமுமாக மோதும்போது அலை குட்டையாக, செங்குத்தாக, நெருக்கமாக எழும். கரையிலிருந்து பார்க்கும்போது சின்ன அலைதானே என்றிருக்கும். உள்ளே உட்கார்ந்திருப்பவருக்குத்தான் அது என்னவென்று தெரியும்.

கயாக் கவிழ்ந்தால் என்ன செய்வது?

இதைக் கடலில் முதன்முறையாகக் கற்கக் கூடாது. மார்பளவு தண்ணீரில், அமைதியான நாளில், வேண்டுமென்றே கவிழ்த்துப் பழகுங்கள். கயாக்கை விடாதீர்கள், அதுதான் பெரிய மிதவை, தூரத்திலிருந்து தெரிவதும் அதுதான். கீழ்ப்புறத்தின் குறுக்கே கையை நீட்டி எதிர்விளிம்பைப் பிடித்து, உங்கள் எடையைப் பின்னால் சாய்த்தால் நிமிர்ந்துவிடும். பிறகு பக்கவாட்டில் நடுப்பகுதிக்கு வந்து, காலை உதைத்து உடம்பைத் தண்ணீரின் மேல்மட்டத்துக்குக் கொண்டுவந்து, வயிற்றால் ஊர்ந்து குறுக்கே ஏறுங்கள். தொப்புள் இருக்கைக்கு நேராக வந்ததும் புரண்டு மல்லாந்து உட்காருங்கள். கடைசியில் காலை உள்ளே எடுங்கள். கையை ஊன்றிச் சுவர் ஏறுவதுபோல் ஏறப் பார்ப்பவர்கள் கயாக்கைத் தங்கள் மேலேயே கவிழ்த்துக்கொள்வார்கள்.

ஒரு முறை ஏறியது போதாது. மூச்சிரைக்கும்போது மூன்றாவது முறையும் ஏற முடிகிறதா என்று பாருங்கள். தூண்டில் கம்பு, துடுப்பு, கருவிப்பெட்டி எல்லாவற்றையும் கயிற்றால் இணைத்திருக்க வேண்டும். கயிறுகள் குட்டையாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் காலில் சுற்றும். எட்டும் இடத்தில், உறையோடு ஒரு கத்தி.

நங்கூரத்தை எங்கே கட்டுவது?

அணியத்தில், அதாவது முன்முனையில், அல்லது பின்முனையில். பக்கவாட்டில் ஒருபோதும் வேண்டாம்.

என்னோடு வந்த நண்பர் ஒருவர் கைக்கு எட்டுகிறதே என்று இருக்கைக்குப் பக்கத்துக் கொக்கியில் கட்டினார். ஓட்டம் வலுத்ததும் கயிறு விறைத்து, அந்தப் பக்க விளிம்பு மெல்லத் தண்ணீருக்குள் இறங்கியது. அவர் அதை அவிழ்க்கக் குனிந்தார். அவருடைய எடையும் அதே பக்கம் சேர்ந்தது. பிறகு நடந்ததைச் சொல்லத் தேவையில்லை.

அணியத்துக்கும் பின்முனைக்கும் இடையே கப்பி வைத்துச் சுற்றுக்கயிறு ஓடவிட்டால், இருந்த இடத்திலிருந்தே நங்கூரத்தை முனைக்குத் தள்ளலாம். கயிற்றின் நீளம் ஆழத்தைப்போல் மூன்று மடங்காவது வேண்டும். காற்று இருந்தால் ஐந்து மடங்கு. கடலடிப் பாறைத் திட்டான பாரில் நங்கூரம் சிக்கினால் என்ன செய்வது? சங்கிலியை நங்கூரத்தின் அடிப்பகுதியில் பிணைத்து, மேல் வளையத்தோடு மெல்லிய நூலால் மட்டும் கட்டிவையுங்கள். பலமாக இழுத்தால் நூல் அறும். நங்கூரம் தலைகீழாகப் புரண்டு கழன்று வரும். நீரோட்டம் வலுவாக இருந்தால் நங்கூரமே போடாமல் மிதந்தபடி பிடிப்பது மேல்.

பெரிய படகுகள் நம்மைப் பார்த்து ஒதுங்கிப் போகாதா?

பார்த்தால் ஒதுங்கும். பார்ப்பதுதான் அரிது. கயாக்கில் உட்கார்ந்திருப்பவருக்குத் தொடுவானமே ஏறக்குறைய 3 கிலோமீட்டரில் முடிந்துவிடும். சிற்றலை இருந்தால் அவருடைய தலையும் துடுப்பும் மட்டும் அவ்வப்போது தெரிந்து மறையும். உயரமான கம்பில் ஆரஞ்சு நிறக் கொடி கட்டுங்கள். நீலச் சட்டை, பச்சைக் கயாக் என்று கடலோடு கலந்துவிடும் நிறங்கள் படத்தில் மட்டுமே அழகு.

மீன்பிடிக்கும் படகுக்கு மற்றவர்கள் வழிவிட வேண்டும் என்று ஒரு நம்பிக்கை உலவுகிறது. 1972ஆம் ஆண்டின் கடல் மோதல் தடுப்பு விதிகளில் அந்தச் சலுகை இருப்பது உண்மை. ஆனால் அது வலையோ நீள்கயிறோ போட்டு, திரும்பித் திசைமாற முடியாமல் இருக்கும் படகுக்கு. கையில் தூண்டில் வைத்திருக்கும் நமக்கு அது பொருந்தாது. குறுகிய கால்வாயில் 20 மீட்டருக்குக் குறைவான படகு, அந்தக் கால்வாயை விட்டு விலக முடியாத கப்பலுக்குக் குறுக்கே நிற்கக் கூடாது என்றும் அதே விதிகள் சொல்கின்றன. துடுப்புப் படகு இருட்டில் குறைந்தது ஒரு வெள்ளை ஒளி டார்ச்சைத் தயாராக வைத்திருந்து, மோதல் நேராதபடி உரிய நேரத்தில் காட்ட வேண்டும்.

உதவி கேட்க என்ன வைத்திருக்க வேண்டும்?

நீர் புகாத உறையில் கைப்பேசி, ஊதல், கையடக்க விஎச்எஃப் ரேடியோ. அபாய அழைப்புக்கான அலைவரிசை 16. கைப்பேசியை நம்பி மட்டும் போகாதீர்கள். ஈரக் கையால் தொடுதிரையை இயக்கிப் பார்த்தால் ஏன் என்று புரியும். தொலைவு போகிறவர்கள் 406 மெகாஹெர்ட்ஸில் செயற்கைக்கோளுக்குச் செய்தி அனுப்பும் தனிநபர் அபாயக்கருவியை வாங்கிக்கொள்வது நல்லது. எல்லாவற்றையும் லைஃப் ஜாக்கெட்டில் மாட்டுங்கள். கயாக்கில் வைத்த கருவி, கயாக் விலகிப்போனால் அதோடு போய்விடும்.

எங்கே இறங்குகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்பது கரையில் ஒருவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அந்த நேரம் தாண்டினால் யாரை அழைப்பது என்பதையும் அவரிடம் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

எந்தக் கம்பு, எந்த ரீல், எந்த நரம்பு?

கம்பு 2 மீட்டரை ஒட்டி இருந்தால் போதும். ஒரே ஒரு சோதனை: உட்கார்ந்தபடி கம்பை நீட்டினால் அதன் நுனி அணியத்தைச் சுற்றி மறுபக்கம் போக வேண்டும். மீன் அடியில் புகுந்து எதிர்ப்பக்கம் ஓடும்போது இது முடியாவிட்டால், கம்பு கயாக்கின் விளிம்பில் மடங்கி முறியும்.

பின்னல் நூலா நைலான் நரம்பா என்ற சண்டைக்கு முடிவே இல்லை. பின்னல் நூல் மெல்லியது, அநேகமாக இழுபடாது. முப்பது மீட்டர் ஆழத்தில் மீன் இரையை மோப்பது விரலில் தெரியும். நைலான் இழுபடும், திடீர் இழுப்பைத் தாங்கிக்கொள்ளும், பாறையில் உரசினாலும் சட்டென்று அறாது. நான் ரீலில் பின்னல் நூலையும் முனையில் ஒன்றிரண்டு மீட்டர் நைலான் அல்லது ஃபுளோரோகார்பன் நரம்பையும் கட்டுகிறேன். சீலா மீனின் பற்கள் இருக்கும் இடத்தில் அந்த முனைக்கும் முனையாக ஒரு சாண் கம்பி.

ரீலின் டிராக்கை, அதாவது மீன் இழுக்கும்போது நரம்பு ஓடுவதைத் தடுக்கும் பிடியை, நரம்பின் அறுபடும் பலத்தில் நான்கில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை வையுங்கள். கையால் இழுத்துப் பார்த்து ஊகிக்காமல், கரையிலேயே தராசில் மாட்டி இழுத்துப் பாருங்கள். பெரும்பாலானோர் நினைப்பதைவிட அது தளர்வாக இருக்கும்.

மீன் எங்கே நிற்கும்?

ஓட்டம் எதிலாவது மோதும் இடத்தில். பாரின் விளிம்பு, மணல் திட்டு முடிந்து ஆழம் தொடங்கும் மடிப்பு, தெளிந்த நீரும் கலங்கல் நீரும் சந்திக்கும் கோடு. ஓட்டத்தோடு வரும் சின்ன மீனுக்குக் காத்திருக்கும் பெரிய மீன், ஓட்டம் நேராகத் தாக்காத நிழலில் நிற்கும். அதனால் பாரின் மேல் நேரே நிற்காமல், ஓட்டம் வரும் பக்கத்துக்குச் சற்று மேலே போய், மிதந்து வரும்போதே இரையை இறக்குங்கள்.

பறவைகளைப் பாருங்கள். வட்டமிடும் பறவை தேடிக்கொண்டிருக்கிறது. பாய்கிற பறவை கண்டுபிடித்துவிட்டது. தண்ணீரில் சும்மா உட்கார்ந்திருக்கும் கூட்டம், விருந்து முடிந்ததையோ அடுத்த பந்திக்குக் காத்திருப்பதையோ காட்டும்.

எக்கோ சவுண்டர் நல்ல கருவி; திரையைப் பார்த்துக்கொண்டே இருக்கும் வியாதி வராதவரை. ஒலி தண்ணீரில் நொடிக்கு ஏறக்குறைய 1,500 மீட்டர் போகும், அடியில் பட்டுத் திரும்பும் நேரத்தை அது ஆழமாக மாற்றித் தருகிறது. கரையோர ஆழத்துக்கு 200 கிலோஹெர்ட்ஸ் தெளிவாகக் காட்டும். திரையில் அழகான மீன் வளைவு தெரிவதைவிட, தரைக்கோடு தடித்துத் தெரிகிறதா என்று பாருங்கள். தடித்தால் அடி கடினம், பார் இருக்கிறது. மெலிந்தால் சேறு.

கயாக்கையே இழுத்துப் போகும் மீன் மாட்டினால்?

இழுக்கட்டும். கயாக்கே ஒரு டிராக். அதை இழுத்து இழுத்து மீன் களைக்கும். கம்பின் நுனியை அணியத்தை நோக்கியே வையுங்கள். கயாக் மீனின் பின்னால் திரும்பிக்கொள்ளும். ஆபத்து கடைசி இரண்டு மீட்டரில்தான். மீன் பக்கத்தில் வந்ததும் எட்டிப் பார்க்கத் தோன்றும். தலை விளிம்பைத் தாண்டினால் உடம்பும் தாண்டும். மீன் பக்கம் வந்தால் எதிர்ப்பக்கக் காலைத் தண்ணீரில் தொங்கவிடுங்கள், தலையை நடுவில் வைத்துக்கொண்டு கைவலையை மட்டும் நீட்டுங்கள். ஓட்டம் உங்களைப் பாறைக்கோ கப்பல் பாதைக்கோ கொண்டுபோனால் நரம்பை அறுத்துவிடுங்கள்.

மீன் முள் குத்தினால்?

கெளுத்தியின் முதுகுத் துடுப்பிலும் பக்கத் துடுப்புகளிலும், திருக்கையின் வாலிலும் நஞ்சுள்ள முட்கள் உண்டு. பொறுக்கக்கூடிய சூட்டில், 45 டிகிரி செல்சியஸைத் தாண்டாத வெந்நீரில் 30 முதல் 90 நிமிடம் வரை ஊறவைத்தால் வலி அடங்கும். முள் முறிந்து உள்ளே இருந்தாலோ, மார்பிலோ வயிற்றிலோ குத்தியிருந்தாலோ தாமதிக்காமல் மருத்துவரிடம் போங்கள். பேத்தை மீனைத் தொடலாம், தின்னக் கூடாது. அதன் நஞ்சு சமைத்தாலும் போகாது.

பிடித்த மீனை உயிரோடு விடுவது எப்படி?

கையை நனைத்துக்கொண்டு தொடுங்கள். காய்ந்த கை அதன் மேல் வழவழப்பை உரித்துவிடும். கிடைமட்டமாகத் தாங்குங்கள், வாயைப் பிடித்துத் தொங்கவிடாதீர்கள். வட்டமாக வளைந்த தூண்டில் முள் பெரும்பாலும் வாயோரத்தில் மாட்டும். அதைப் போட்டால் மீன் கடித்ததும் வெட்டி இழுக்கும் பழக்கத்தை விட வேண்டும், ரீலைச் சுற்றினாலே போதும். ஆழத்திலிருந்து வேகமாக மேலே வந்த களவா போன்ற மீனின் காற்றுப்பை உப்பி, கண் பிதுங்கி, மல்லாந்து மிதக்கும். அதை ஊசியால் குத்துவதைவிட, எடை கட்டிய கவ்வியில் மாட்டி மீண்டும் ஆழத்துக்கு இறக்கி விடுவது நல்லது. வீட்டுக்கு எடுத்துப்போவதென்றால் உடனே கொன்று, செவுளை அறுத்து இரத்தம் வடித்து, கடல்நீர் கலந்த ஐஸில் மூழ்கவையுங்கள்.

உரிமம் வேண்டுமா?

கடற்கரைக்குக் கடற்கரை மாறும். உரிமம், குறைந்தபட்ச நீளம், எண்ணிக்கை வரம்பு, தடைக்காலம், பாதுகாக்கப்பட்ட பகுதி ஆகிய ஐந்தையும் இறங்கப்போகும் இடத்தின் மீன்வளத் துறையிடம் கேளுங்கள். கயாக்கின் விளிம்பிலேயே அளவுகோலை ஒட்டிவிட்டால் மனச்சாட்சியோடு வாதாட வேண்டியிருக்காது.

திரும்பி வந்த பிறகு என்ன வேலை?

எல்லாவற்றையும் நல்ல தண்ணீரில் அலசுங்கள். ரீலின் மேல் குழாயை வேகமாகப் பீய்ச்சினால் உப்பு உள்ளே போய்விடும். டிராக்கை இறுக்கி, மேலாகத் தெளித்துக் கழுவி, துடைத்து, காய்ந்ததும் டிராக்கைத் தளர்த்திவையுங்கள். பிறகு கயாக்கைச் சாய்த்து, முனையிலுள்ள வடிகால் மூடியைத் திறந்து, உள்ளே எவ்வளவு தண்ணீர் சேர்ந்திருக்கிறது என்று பாருங்கள். ஒரு குவளை என்றால் கவலை இல்லை. ஒரு வாளி என்றால் எங்கோ விரிசல். முதலில் வடிகால் துளைகளைச் சுற்றித் தேடுங்கள்.

காய்ந்ததும் அந்த மூடியை உடனே திருகிவிடுங்கள். அடுத்த முறை போகும்போது போட்டுக்கொள்ளலாம் என்று சட்டைப்பையில் வைத்தேன் ஒருமுறை. அடுத்த முறை வேறு சட்டை.